மூத்தாள் பெயர் வெட்டிய அண்டா

மதி அப்பாவுக்கு,

சோறும் நெத்திலிக் குழம்பும் அடுப்பு மேல். வெளியே போனால் சாவியைக் கீழ்வீட்டு சாபிராவிடம் கொடுங்கள்.

நாலு மணிக்குத் தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் வருவார். பித்தளை அண்டாவைக் கொடுத்துவிடுங்கள். உங்களைக் கேட்காமல் நான்தான் விற்கிறேன். சாபிரா மகள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இன்டர்நெட்டில் போட்டோவோடு விளம்பரம் போட்டாள். விளம்பரத்துக்குக் காசும் இல்லை, தரகரும் இல்லை, மறுநாளே போன் வந்தது. காயலான் கடைக்காரன் உருக்கிவிடுவான்; இவர் புழங்க எடுக்கிறார்.

போனில் கேட்டார்: "அண்டால எல்லம்மாள்னு பேரு கீதே, அது நீங்கதானாம்மா?"

"இல்ல நைனா, எங்க வூட்டுக்காரரோட மூத்த சம்சாரம். செத்து முப்பது வருசமாச்சு."

"அப்ப உங்க பேரு வெட்டுனது எதுனா கீதா?"

நாலு மணிக்கு வரச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். முப்பது வருஷமாக அவள் பெயரைப் புளி போட்டுத் தேய்க்கிறேன். என் பெயரை ஒரு டம்ளரிலாவது வெட்டினீர்களா?

எண்ணூரில் தங்கை வீட்டுக்குப் போகிறேன். விளக்கு வைக்க வந்துவிடுவேன்.

பி.கு.: கொடுக்க மனம் வராவிட்டால் அவரைத் திருப்பி அனுப்புங்கள். ஆனால் எல்லம்மாள் எப்படிப்பட்டவள் என்று இன்றைக்காவது வாய் திறந்து சொல்லுங்கள். சண்டை போட எனக்கு அவள் முகமாவது தெரிய வேண்டாமா?