புள்ளி வைத்த பக்கம்

அன்பும் கொஞ்சம் பயமுமாகச் சித்தப்பாவுக்கு,

வாலு எழுதுகிறேன். உங்கள் பழைய எண்ணுக்கு அடித்தால் ஒரு பல் டாக்டர் எடுக்கிறார். மூன்று முறை அடித்ததில் எனக்குப் பல் சுத்தம் செய்ய வரும் வியாழக்கிழமை நேரம் கொடுத்துவிட்டார். கடைசியில், ஸ்ப்ரே துப்பாக்கிக்கு முனை விற்க வருவாரே, அவரிடம் கெஞ்சி இந்த முகவரியை வாங்கினேன். எங்கள் தமிழ் டீச்சர், கடி இல்லாமல் ஒரு கடிதமாவது எழுது என்பார். முயற்சி செய்கிறேன்.

முதலில் கெட்ட செய்தி. அப்பாவுக்குப் பக்கவாதம். நாற்பது நாள் ஆகிறது. வலது கையும் வலது காலும் வரவில்லை. பேச்சும் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. டாக்டர் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு முறை வந்தால் தாங்க மாட்டார் என்று சொன்னாராம். அம்மா அதை என்னிடம் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே நின்று நானே கேட்டேன். ஒட்டுக்கேட்பது என் தொழில் என்று உங்களுக்குத் தெரியும்.

கீழே பட்டறை மூடிக் கிடக்கிறது. கண்ணாடி கழுவுகிற அக்கா மட்டும் காலையில் வந்து உலையைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போகிறார். சூடான கண்ணாடிப் பலகையை ஒருவர் இழுக்க வேண்டும், அது ஆறுவதற்குள் இன்னொருவர் பூச்சு மருந்தை அடிக்க வேண்டும். ஒற்றை ஆளால் ஆகிற வேலையா அது? நீங்கள் போன பிறகு அப்பா இரண்டு பேரை வைத்துப் பார்த்தார். ஒருவர் பூசினால் திட்டுத் திட்டாக வந்தது. இன்னொருவர் அந்தப் புளித்த புகைக்கே ஓடிவிட்டார். "அவன் கை மாதிரி வராது" என்று அப்பா ஒரு நாள் சோற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எவன் என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி நான் எழுத வந்தது. மூன்று முறை கிழித்துப் போட்டுவிட்டேன்.

அந்தக் குளிர்பெட்டிக் கதவுகள், இருபத்து மூன்று. கடைக்காரர் மாட்டி மின்சாரம் கொடுத்தும் சூடாகவில்லை, கண்ணாடி முழுக்கப் பனி மூடி, உள்ளே இருக்கிற சாமான் தெரியாமல், அத்தனையும் திரும்பி வந்தனவே, அவை. பூச்சு இல்லாத பக்கத்தில், மின்சாரம் கொடுக்கிற செம்புப் பட்டையை ஒட்டி, மேலே இன்னொரு கண்ணாடியை வைத்து அடைத்திருந்தது. பிரிக்க வழியில்லை. எல்லாம் குப்பைக்குப் போயின. அதைச் செய்தது நீங்கள் இல்லை, சித்தப்பா. நான்.

மின்சாரம் ஓடிக் கண்ணாடியைச் சூடாக்குகிற அந்தப் பூச்சு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அப்பா ஒவ்வொரு பலகையிலும் பூசாத பக்கத்தின் மூலையில் சிவப்பு மெழுகுப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி இருந்தால் வெறும் பக்கம். ஆனால் நீங்கள் எந்தப் புள்ளியையும் நம்பாத ஆள். சட்டைப் பையிலிருந்து மீட்டரை எடுத்து, இரண்டு முள்ளையும் வைத்து, பூச்சில் மின்சாரம் ஓடுகிறது என்று கீச் சத்தம் வந்தால்தான் அடுத்த வேலை. சாப்பிடும் கரண்டியைக்கூடக் குத்திப் பார்ப்பீர்கள். நான்தானே உங்களுக்குக் கீச்சு சித்தப்பா என்று பேர் வைத்தேன்.

அந்தக் கதவுகளுக்குப் பட்டை ஒட்டியதற்கு முந்தின நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, எல்லாரும் டீ குடிக்கப் போன நேரத்தில், அடுக்கியிருந்த இருபத்து நான்கு பலகையிலும் புள்ளியை அழித்து மறுபக்கம் வைத்தேன். காலையில் நீங்கள் குத்துவீர்கள், கீச் வராது, மீட்டரைத் தட்டுவீர்கள், பேட்டரியை மாற்றுவீர்கள், தலையைச் சொறிவீர்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும். என் திட்டம் மொத்தமும் அவ்வளவுதான். நீங்கள் எப்படியும் குத்திப் பார்ப்பீர்கள் என்பதை நம்பித்தான் செய்தேன். பதின்மூன்று வயதில் அது எனக்குப் பெரிய மூளையாகத் தெரிந்தது.

காலையில் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தேன். நீங்கள் மீட்டரை எடுக்கப் போனீர்கள். அப்பாவுக்கு என்ன கோபமோ, வேலையாட்கள் முன்னால், "நான் வச்ச புள்ளி மேல நம்பிக்கை இல்லையா? அண்ணனையே சோதிச்சுப் பாக்குறியாடா?" என்று கேட்டுவிட்டார். மீட்டரைப் பைக்குள் போட்டுவிட்டு, புள்ளியை நம்பி ஒட்டத் தொடங்கினீர்கள். அத்தனை வருஷத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்திருந்தால் போதும். ஊர் வாயெல்லாம் எனக்கு, அன்றைக்கு மட்டும் வாயில் கொழுக்கட்டை. அடி விழும் என்று பயந்து, மெதுவாக எழுந்து பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

கதவுகள் திரும்பி வந்த அன்று அப்பா, "ஏன்டா குத்திப் பாக்கல?" என்று கத்தினார். ஒட்டிய அன்று கேட்டதற்கு நேர் எதிரான கேள்வி. நீங்கள் திருப்பிக் கேட்டிருக்கலாம். துணியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "ஒழுங்கா இரு, வாலு" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். இரண்டரை வருஷமாக அதை வெறும் டாட்டா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் உங்கள் அலமாரியைத் திறந்தேன். அப்பாவின் படுக்கையை நகர்த்த ஸ்பேனர் வேண்டியிருந்தது. உங்கள் பழைய மேலங்கிக்குப் பின்னால் செய்தித்தாள் சுற்றிய ஒரு பலகை. இருபத்து நான்காவது. ஒட்டாமல் மீந்துபோனது. அதில் என் கைவரிசை அப்படியே இருந்தது. கடைசிப் பலகைக்கு வந்தபோது சும்மா இருக்க முடியாமல் அந்தப் புள்ளிக்கு நான் ஒரு மீசை வரைந்திருந்தேன். உங்கள் மீசை.

அப்படியானால் உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதை அப்பாவிடம் காட்டியிருந்தால் நான் நாலு அடி வாங்கியிருப்பேன், நீங்கள் இங்கேயே இருந்திருப்பீர்கள். நாலு அடிதான், சித்தப்பா. அதற்குப் போய் யாராவது வீட்டை விட்டுப் போவார்களா?

அன்றைக்கே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பலகையைக் கண் முன்னால் பிடித்துக் காட்டினேன். எப்போதும் முன்கூட்டியே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு போவேன், அன்று ஒன்றும் கொண்டுபோகவில்லை. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்ட முடியாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மீசையை வெகுநேரம் பார்த்தார். சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை, பாதி முகத்தில் இரண்டும் ஒன்றுபோல இருக்கிறது.

அவர் படுக்கை இப்போது ஜன்னல் ஓரம். நீங்கள் இருவரும் முதன்முதலில் திட்டில்லாமல் பூசிய பலகையை மாட்டியிருக்கிறதே, அந்த ஜன்னல். அப்பா அதன் பக்கம் சாய்ந்து, கண்ணாடியில் மூச்சை ஊதினார். மூடிய பனியில் இடது கை விரலால் எழுதினார். சிலேட்டு வாங்கிக் கொடுத்தும் அதுவரை ஒரு எழுத்தும் எழுதாதவர். கோணல் மாணலாக, மூன்றே எழுத்து. தம்பி. நடு எழுத்துக்குப் புள்ளியை மட்டும் விட்டுவிட்டார். விரலை எடுத்து, யோசித்து, மறுபடி ஊதி, மெதுவாக அந்தப் புள்ளியை வைத்தார்.

பனி உடனே போய்விட்டது. ஆனால் விரல் பட்ட தடம் கண்ணாடியில் இருக்கிறது. ஊதினால் எழுத்து திரும்ப வருகிறது. அம்மா துடைத்துவிடுவாள் என்று, துடைத்தால் ஷாக் அடிக்கும் என ஒரு காகிதம் எழுதி ஒட்டியிருக்கிறேன். நான் சொன்ன பொய்களில் உருப்படியான முதல் பொய் இது. அப்பா தினமும் வாசல் பக்கம் யாராவது படியேறினால் தலையைத் திருப்புகிறார். பால்காரருக்கும் திருப்புகிறார்.

நீங்கள் வாருங்கள். கோபம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன். அந்த நாலு அடியையும் இரண்டரை வருஷ வட்டியோடு வாங்கிக்கொள்கிறேன். உலையைப் பற்ற வைக்க வேண்டாம், பட்டறைப் பேச்சே வேண்டாம். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பையிலிருந்து மீட்டரை எடுத்து, அந்த ஜன்னலை ஒரு தரம் குத்திப் பாருங்கள். கீச் என்ற சத்தத்தை அவர் கேட்க வேண்டும்.

இன்று காலையும் ஊதிப் பார்த்தேன். எழுத்து தெரிகிறது. நேற்றைவிடக் கொஞ்சம் மங்கலாக.

உங்கள் கையால் தலையில் ஒரு தட்டுக்குக் காத்திருக்கும்,
வாலு