நெற்குப்பை ஜன்னலும் உன் கைக்குட்டையும்

டேய், இன்று காலை ஒயர் தேடி உன் கேமராப் பையைத் துழாவினேன். ஓரத்தில் உன் கைக்குட்டை கசங்கிக் கிடந்தது. பூட்டிக் கிடந்த வீட்டின் புழுதி வாடை. துணைக்கு இருக்கட்டும் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மாசியில் நீ கண்ணை மூடிய பிறகு நானே நிறம் தேர்ந்து செய்த முதல் வெப்சைட்டை இன்றுதான் காட்ட வேண்டியிருந்தது.

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்பது காரைக்குடியில் உனக்கு மட்டும்தான் தெரியும். நம் வெப்சைட் கடையில் புரோகிராம் எழுதுவது நான், நிறம் பார்ப்பது நீ. நிறத்துக்கு எண் சொல்லக் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்று சொல்ல நீதான் இருந்தாய். வெப்சைட் கேட்பவர்களின் வீட்டுக்கே போய், ஜன்னலின் வண்ணக் கண்ணாடிகளிலிருந்து நிறம் எடுப்பாய். "ஜன்னல் கண்ணாடியப் பாக்காதடா, தரையில விழுற வெளிச்சத்தப் பாரு. அங்கதான் கலர் ஒன்னோட ஒன்னு பழகும்" என்பாய். படம் பிடிக்கும் முன் கைக்குட்டையோடு ஜன்னலில் ஏறுவாய். "மாப்பிள்ளைக்குத் தூசி ஆகாது" என்று கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே இறங்குவாய்.

நெற்குப்பை ஊரில் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் பெரிய வீட்டுக்குத்தான் இந்த வெப்சைட். போன வாரம் தனியே போய், நீ சொன்னபடியே தரை வெளிச்சத்தைப் படம் பிடித்து, அதிலிருந்து நிறங்களை எடுத்திருந்தேன். இன்று அந்த வீட்டிலேயே லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். வீட்டுக்கார ஆச்சி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்கள்.

"என்ன தம்பி, வீட்டை இப்படி அழுது வடிய வச்சிருக்கீக? இது எங்க வீட்டுக் கலரே இல்லையே!"

எதை எதுவாகப் போட்டுத் தொலைத்தேன்? திரையைப் பார்க்கிறேன், ஒன்றும் புரியவில்லை. குட்டு உடைந்தது, கடையை மூட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

ஆச்சி எழுந்து ஜன்னலருகே போனார்கள். "அட, இங்குட்டு வாங்க. கல்யாணம் வந்தாத்தானே இதத் தொடைப்போம்! தொடைக்காமப் படம் எடுத்தீகளாக்கும்?"

அப்போதுதான் நீ கைக்குட்டையோடு ஜன்னலில் ஏறியது எதற்கென்று புரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, பாவி!

நானே ஏறித் துடைத்தேன். தரையில் பளிச்சென்று வண்ண வெளிச்சம் விழுந்தது. கோளாறு தூசியில்தான், என் கண்ணில் இல்லை. அப்படியே சமாளித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அடுத்த வீட்டில் என்ன செய்வேன்? பயந்துகொண்டே கேட்டுவிட்டேன்.

"ஆச்சி, எனக்குச் சில கலர் தெரியாது. இதுல எது சிவப்பு, எது பச்சை?"

ஆச்சி என் பக்கம் திரும்பினார்கள். "இத மொதல்லயே கேட்டா என்ன? இந்தா, இது சிவப்பு" என்று அந்த வெளிச்சத்துக்குள் காலை வைத்துக் காட்டினார்கள்.

பயம் போய்விடவில்லைடா. இதை எழுதும்போதும் அது கூடவே இருக்கிறது. நாளை கண்டனூரில் ஒரு வீடு. கைக்குட்டை சட்டைப் பையிலேயே இருக்கிறது. முதலில் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். பிறகு, இத்தனை காலம் உன்னிடம் மட்டும் கேட்ட கேள்வியை அந்த வீட்டுக்காரர்களிடம் கேட்க வேண்டும்.