ஹாலில் ஒரு டிவி பாயிண்ட்

என் ஆசை அத்தானுக்கு,

அங்கே சுகமாகத்தான் இருப்பீர்கள். பேச்சுக்கு ஆள் கிடைத்துவிட்டால் உங்களுக்கு எந்த ஊரும் ஒத்துவருமே. இங்கே ஒரு நல்ல சேதி. நவி மும்பை ஐரோலியில் நம் மகன் முத்து கட்டுகிற வீடு பூச்சு வேலைக்கு வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் மருமகள் ரேகாவையும் கூட்டிப்போய்க் காட்டினான்.

பூசுவதற்கு முன்பே வயர் போகிற பைப்பையெல்லாம் சுவருக்குள் பதித்துவிட வேண்டுமாம். தாராவியில் நாம் ஜன்னல் வழியாகக் கேபிளை இழுத்து ஆணியில் சுற்றியதோடு சரி. இங்கே டிவி எங்கே, நெட் எங்கே என்று இப்போதே சொல்லாவிட்டால் பிறகு சுவரை உடைக்க வேண்டும். கரண்ட் வயரையும் நெட் வயரையும் ஒரே பைப்பில் விடக் கூடாதாம். சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி, தள்ளித்தான் வைக்க வேண்டும்.

வயரிங் செய்கிற அஸ்லம் சுவரெல்லாம் சாக்பீஸால் குறித்திருந்தார். முத்துவின் அறையில் ஒரு டிவி. எனக்கென்று ஒதுக்கிய பின்னறையில் ஒரு டிவி, ஒரு நெட். ஹாலில் ஒன்றுமே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. கிழவியை மரியாதையாக ஓரங்கட்டுகிறார்களோ? நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் அப்படித் தோன்றியிருக்குமா, அத்தான்?

“ஏல முத்து, ஹால்ல டிவி கெடையாதா?”

“இப்ப யாரும்மா ஹால்ல பாக்கா? அவங்கவங்க ரூம்லதான். ஒனக்குப் பெருசா ஒண்ணு வாங்கப்போறேன்.”

“அப்ப நான் ரூமுக்குள்ளயே கெடக்கணுமாக்கும்?”

அவன் முகம் வாடிவிட்டது. “நான் பன்னெண்டாவது படிக்கும்போது நீயும் அப்பாவும் சத்தத்த அமத்திட்டுத்தானம்மா நாடகம் பாத்தீய? ஒத்த ரூம்ல வேற என்ன பண்ண? அம்மாவுக்குன்னு ஒரு டிவி, இஷ்டத்துக்குச் சத்தமா வச்சுப் பாக்கட்டும்னு அப்பவே நெனச்சேன்.”

பாவி மகன், அதைக் குறையென்று நினைத்திருக்கிறான்! நாயகி வாயசைக்க, நீங்கள் என் காதுக்குள் வசனம் பேசுவீர்கள். வில்லியின் வாயில் தக்காளி விலையைப் போடுவீர்கள். சிரிப்பை அடக்க நான் முந்தானையைக் கடித்துக்கொள்வேன். புத்தகத்தோடு பின்னால் இருந்த பிள்ளைக்கு நம் முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

“எனக்குச் சத்தம் வேண்டாம்ல. பக்கத்துல ஆள் வேணும்,” என்றேன்.

ரேகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நானும் இதத்தான் சொன்னேன் அத்த. ஒங்க மகன் கேட்டாத்தான?”

பின்னறையில் டிவிக்குப் போட்ட சாக்பீஸ் குறியை அழித்தாயிற்று. நெட் இருக்கட்டும் என்றேன், ஊரில் இருக்கிற தங்கச்சியோடு வீடியோவில் பேசலாமே. ஹாலில் எந்த உயரத்தில் வைக்க என்று அஸ்லம் கேட்டார். உட்கார்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டுமாம். முத்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தான். எங்கள் அம்மா கண்ணுக்குத்தான் அளவு, அவளுக்குக் கழுத்து வலிக்கக் கூடாது என்று ஹிந்தியில் சொன்னான்.

“மாஜி, ஹில்னா மத்,” என்றார் அஸ்லம். நான் அசையவில்லை. கண்ணீர்தான் சொன்னபடி கேட்கவில்லை. என் கண்ணுக்கு நேராகச் சுவரில் கோடு போட்டார்கள், அத்தான்.

பால் காய்ச்சுகிற நாளிலிருந்து ஓரமாக ஒதுங்க மாட்டேன். அந்த ஹாலில், பிள்ளைகளுக்கு நடுவில்தான் உட்காருவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் மாமன் மகள், உங்கள் மனைவி,
பேச்சியம்மாள்