மாமாவின் நீர்நாய்க் கூடாரம்

அம்மாவுக்கு,

சியாட்டிலிலிருந்து லோயல். முழங்கால் வலி குறைந்ததா? காற்று இந்த முறையும் கதவைப் பிய்த்துப் போட்டதா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் ஒரு வேடிக்கை. என் கைபேசியில் சித்திரம் தீட்டிய மாமாவின் கூடாரப் படத்தைக் கூரை வேலை முதலாளி பார்த்துவிட்டார். “இதை நம்ம ஆபீஸ் சுவத்துல வரைஞ்சு குடு. ஒரு மாசம் கூரை ஏற வேண்டாம்” என்றார்.

“அந்தச் சித்திரம் மாமாவோடதுங்க. அவர் சடங்கு செஞ்சு, பாட்டுப் பாடி உரிமையைக் கைமாத்திக் குடுக்காம நான் ஒரு கோடு இழுக்கக் கூடாது.”

“சொந்த மாமாதானேய்யா?”

“சொந்த மாமா குதிரையை நான் கேக்காம ஓட்டிட்டுப் போனா என்ன சொல்வீங்க?”

“திருட்டும்பேன்.”

“அதேதாங்க.”

சிரித்துவிட்டார். சுவர் வெள்ளையாகவே இருக்கிறது, நான் கூரைமேல்தான் இருக்கிறேன். கயிறு கட்டித்தான் ஏறுகிறேன், பயப்படாதீர்கள்.

ஆனால் அன்றிலிருந்து அந்தக் கூடாரமே கண்ணில் நிற்கிறது. அடியில் விழுந்த நட்சத்திரங்களாக வெள்ளை வட்டங்கள், நடுவில் நீர்நாய்கள், மேலே இரவு வானம், பின்பக்க உச்சியில் நல்ல கனவு கொண்டுவரும் விட்டில்பூச்சி. இந்த அறையில் எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. தங்கை குழந்தையின் முடியில் கட்ட மான்தோலில் ஒரு விட்டில் தைத்தீர்களே, அது சும்மா கிடந்தால் அனுப்புங்கள்.

ஜூலையில் ட்ரினாவும் நானும் கணவன் மனைவியாக, வழக்கப்படி புகையிலைக் காணிக்கையோடு வந்து மாமா முன்னால் உட்கார்ந்து கூடாரத்தை எங்களுக்குக் கைமாற்றித் தரும்படி கேட்கப்போகிறோம். அதுவரை அவர் வேறு யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழே வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உங்கள் லோயல்

விட்டில் குழந்தையின் தலையில் இருந்தால் அவிழ்க்காதீர்கள். அவள் தூங்கட்டும். ஜூலைவரை நான் சமாளித்துக்கொள்வேன்.