அவர் பக்கத்தின் மேற்கோள்கள்

மார்ச் 4, திங்கள்

எழுந்ததும் முதலில் விக்கிப்பீடியாவில் அவர் பக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன். பாலை அதற்கப்புறம்தான் அடுப்பில் வைத்தேன். இருக்கிறது. ஆனால் மேலே ஒரு பட்டை: "இக்கட்டுரை விளம்பர நடையில் உள்ளது. நம்பகமான மேற்கோள்கள் தேவை."

விளம்பரமாம். எதை விற்கிறேன்? என் வீட்டுக்காரர் இறந்தே ஒன்றரை வருஷம் ஆகிறது.

பட்டையைப் போட்டவர் பெயர் நீர்க்காகம். அங்கே எல்லாருக்கும் இப்படித்தான் ஒரு பெயர்.

மார்ச் 6

"ஈடு இணையற்ற நாடக இயக்குநர்" — இப்போது வெறும் நாடக இயக்குநர். "கலைக்கே தம்மைக் கொடுத்த" என்பதும் போய்விட்டது. திரும்பப் போட்டேன். திரும்ப எடுத்தார். மரியாதையாகத்தான் எழுதுகிறார். அதுதான் இன்னும் எரிச்சல்.

மகள் ரக்ஷாவிடம் காட்டினேன். வழக்கம்போல இங்கிலீஷில் பதில். அப்பாவைப் பற்றி நீ எழுதினது பொய்யென்று அவங்க சொல்லலையே, வேற யார் சொன்னாங்கன்னுதானே கேக்கறாங்க என்றாள். காலேஜுக்குக் கிளம்பிவிட்டாள்.

மார்ச் 9

பக்கத்தை நீக்கலாமா என்று விவாதம் தொடங்கிவிட்டார்கள்.

மார்ச் 10

போனில் ஷ்யாமளாவிடம் அழுதுவிட்டேன். தமிழ்ச் சங்கச் செயலாளர் இல்லையா, உடனே வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிட்டாள். "நம்ம செழியன் அண்ணா பக்கத்த அழிக்கப் பாக்கறாங்க. எல்லாரும் போய் ஓட்டுப் போடுங்க."

சாயங்காலத்துக்குள் வரிசை கட்டி வந்துவிட்டார்கள். தங்கமான மனிதர். பழக இனியவர். freeway-யில் கார் நின்றபோது அவர் வந்து உதவியதைப் பசுபதி அங்கிள் நீளமாக எழுதியிருக்கிறார்.

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். ஒருவர்கூட ஒரு நாடகத்தின் பெயரைச் சொல்லவில்லை. இங்கே மில்பிடாஸில் பள்ளி அரங்கை வாடகைக்கு எடுத்து வருஷா வருஷம் போட்டாரே — முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள்தானே இவர்கள்? இடைவேளை சமோசா ஆறிப்போனது வரைக்கும் ஞாபகம் வைத்திருப்பார்கள். ஒரு பேர் வரலையா? ஒரே ஒரு பேர்?

மார்ச் 11

ஆள் திரட்டி வந்த ஓட்டு செல்லாதாம். நியாயம்தான்.

மார்ச் 13

நீர்க்காகம் மேற்கோள்களை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். இரங்கல் குறிப்பு — மனைவி எழுதியது. நாடகக் குழுவின் இணையதளம் — அதுவும் மனைவி. தள்ளிவிட்டார். மிச்சம், சங்க ஆண்டு மலரில் வந்த இரண்டு விமரிசனங்கள். எழுதியவர் வான்மதி.

"வான்மதி குறையும் சொல்கிறார். 'குளிர்காலப் பந்தல்' நாடகத்தின் பின்பாதி இழுவை என்கிறார். சார்பற்ற மூலமாக ஏற்கலாம். கட்டுரை இருக்கட்டும்."

வான்மதி நான்தான்.

தன் நாடகங்களைப் பற்றி யாரும் எழுதவில்லை, நீயே எழுது என்று அவர்தான் என்னைக் கேட்டார். பெயரும் அவர் வைத்ததுதான். பெண்டாட்டி எழுதினா எவன் நம்புவான் என்று சிரித்தார். "குறையும் ஒண்ணு எழுதிரு. அப்பத்தான் நம்புவாங்க."

இழுவை என்று எழுதினேன். நிஜமாகவே இழுவைதான். படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் அடுத்த தடவை மேடையேற்றியபோது இழுத்த இரண்டு காட்சியும் இல்லை.

மார்ச் 14

ஷ்யாமளா கேசரி கொண்டுவந்தாள். ஜெயிச்சுட்டோம் பாத்தியா என்று கட்டிக்கொண்டாள். வான்மதி யாருடி, ஊர மாத்திட்டுப் போயிட்டாங்களா, கண்டுபிடிச்சு தேங்க்ஸ் சொல்லணும் என்றாள். தெரியலையே என்றேன். ரக்ஷா பக்கத்தைத் தோழிகளுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள்.

மார்ச் 17, ஞாயிறு

பட்டையை எடுத்துவிட்டார்கள். ஒரு அடைமொழி மிச்சமில்லை. பிறந்தது, படித்தது, போட்ட நாடகங்கள், இறந்தது. அதற்குக் கீழே மேற்கோள்களில் வான்மதி, மறுபடி வான்மதி.

வேறு யார் சொன்னார்கள்? இத்தனை வருஷம், இத்தனை பேர். எங்கே தேடினாலும் கடைசியில் நானே வந்து நிற்கிறேன். அவரை நான் ஒருத்திதான் பார்த்தேனா?

நான் விட்டால் பக்கம் அப்படியே இருக்கும். யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த நீர்க்காகம் — யாரோ, எங்கேயோ இருந்து — அவரைப் பற்றி எழுதியதை வரிவரியாகப் படித்தது அந்த ஆள்தான். அவரிடமா பொய் சொல்வது?

நாளை ரக்ஷா கிளம்பியதும் அவருக்கு எழுதப் போகிறேன், வான்மதி யார் என்று. பக்கம் போய்விடும்.

இப்போது கீழே சோபாவில் படுத்துக்கொண்டு யாருக்கோ போனில் அப்பாவின் பக்கத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள். தமிழில், எழுத்துக்கூட்டி.