இருபத்தாறு பெயர்கள்

வெள்ளைப்பாறைத் தோட்டம்,
மேல் டிவிஷன், கேமரன் மலை.
4.2.1979

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை பாஞ்சாலை எழுதுவது.

பொங்கலுக்கு அனுப்பிய சேலை வந்து சேர்ந்தது. அண்ணி எடுத்த நிறம் ஜெயாவுக்கென்றே நெய்த மாதிரி இருக்கிறது. கட்டிக்கொள்ளடி என்றால், "கொழுந்து எடுக்கிறவளுக்கு இது எதுக்கும்மா" என்று பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். தாய்மாமன் நீங்கள் ஒரு வார்த்தை கடிந்து எழுதினால்தான் கேட்பாள்.

எழுத வந்தது வேறு விஷயம். அடுத்த வீட்டு அம்மாக்கண்ணு அக்கா மகன் கந்தனை உங்களுக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்து வலிப்பு. போன வாரம் மலைச்சரிவில் கவாத்து வெட்டும்போது விழுந்துவிட்டான். முருகன் புண்ணியம், கத்தி ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் போனான். நாலு நாளாக மாத்திரை இல்லை, அதுதான் காரணம்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து சும்மா தருகிறார்கள். சக்கரை, ரத்தக் கொதிப்பு, மூச்சிழுப்பு, வலிப்பு என்று சாகிறவரை கூடவே வருகிற வியாதி என்றால், அங்கே மருந்து கொடுக்கிற டிரஸர் ஒரு சீட்டை எழுதி நீட்டுவார். "தானா ராத்தா டவுன் கடையில வாங்கிக்கலாம் லா" என்பார். வாங்க வக்கிருந்தால் இவர் வாசலில் ஏன் நிற்கிறோம்? சம்பளம் போட்ட வாரம் மாத்திரை, மற்ற வாரம் சாமி என்று ஓடுகிறது எங்கள் பிழைப்பு. சங்க ஆபீஸில் இருக்கிறீர்களே அண்ணே, பெரிய துரையிடம் கேட்டு இந்த மருந்தையும் சும்மா கொடுக்க வையுங்கள். எனக்காகக் கேட்கவில்லை.

உங்கள் தங்கை,
பாஞ்சாலை


கிள்ளான்
19.2.1979

பாசமுள்ள பாஞ்சாலைக்கு அண்ணன் சாம்பசிவம் எழுதுவது.

கடிதத்தைச் செயலாளரிடம் படித்துக் காட்டினேன். "உங்க தங்கச்சி நல்லாத்தான் சண்டை போடுறாங்க" என்றார். உன்னோடு சின்ன வயசில் நான் பட்ட பாடு அவருக்குத் தெரியாது.

துரையிடம் வெறும் வாயால் பேச முடியாது. மேல் டிவிஷனில் இப்படித் தீராத வியாதி உள்ளவர்கள் எத்தனை பேர், பெயர் என்ன, வியாதி என்ன என்று எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி அனுப்பு. ஒருவரையும் விடாதே. பட்டியலில் இல்லாதவருக்காகப் பிறகு வாதாட முடியாது.

நல்ல சேதி ஒன்று. ராதாகிருஷ்ணனுக்குத் துறைமுக வேலை நிரந்தரமாகிவிட்டது. இனி என் தங்கை மகளை என் மகனுக்குக் கேட்க எனக்குத் தைரியம் வந்துவிட்டது. உன் அண்ணி சரோஜாவின் தங்கை வீட்டில் இழுப்பு உள்ள பெண்ணை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்களாம், அங்கே ஒரே ரகளை. "நம்ம ஜெயாவுக்கு ஒரு தும்மல்கூட வராது" என்று உன் அண்ணி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறாள். ஆவணியில் பரிசம் போடலாமா?

அண்ணன்,
சாம்பசிவம்


வெள்ளைப்பாறைத் தோட்டம்
25.3.1979

அன்பான அண்ணனுக்கு,

இத்துடன் பட்டியல். இருபத்தாறு பெயர். இந்த இருபத்தாறுக்கு நான் பட்டது இருக்கிறதே, அதற்கு இரண்டு மூட்டை கொழுந்து கூடுதலாக எடுத்திருப்பேன்.

பக்கிரிசாமி கங்காணி சக்கரைக்காரர், லயத்துக்கே தெரியும். கேட்டால், "ஏம்மா, அதை எழுதினா நாளைக்கு எவன் எனக்குப் பயப்படுவான்?" என்கிறார். மீசையை வைத்துக்கொண்டு சாகுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் அவரே வந்து கையெழுத்துப் போட்டார். மணியம்மா தனக்கு ஒன்று, புருஷனுக்கு ஒன்று என்று இரண்டு கைநாட்டும் தானே வைத்துவிட்டாள். அழித்து மறுபடி எழுதினேன். வலிப்பு என்று கந்தன் ஒருவன் பெயர்தான். "மறைச்சு வைக்கிற வியாதிக்கு யார் மருந்து தருவா, வெட்கத்தை விடுங்க" என்று வீடு வீடாகப் பேசினேன் அண்ணே. என்னமாகப் பேசினேன் தெரியுமா.

ஆவணி என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் விருப்பம். அண்ணிக்கு என் அன்பு.

தங்கை,
பாஞ்சாலை


கிள்ளான்
2.7.1979

என் தங்கச்சிக்கு,

ஜெயித்துவிட்டோம்! மூன்று தரம் மலை ஏறி இறங்கியது வீண் போகவில்லை. அடுத்த மாதம் முதல் இருபத்தாறு பேருக்கும் மாதாமாதம் டிரஸரே மருந்தை எண்ணிக் கொடுப்பார், இலவசமாக. பழைய சீட்டுகளையெல்லாம் அவர் திரும்ப வாங்கிக்கொள்வார். ஒரே ஒரு நிபந்தனை, ஒப்பந்தம் முடிகிற மூன்று வருஷத்துக்குப் புதிதாக யாரையும் சேர்க்க முடியாது. ஒருவரையும் விடாமல் நீ எழுதியிருப்பாய் என்ற நம்பிக்கையில் நானும் ஒப்புக்கொண்டேன்.

ஆவணி இருபதாம் தேதி பரிசம். பத்துப் பேர் வருகிறோம், வீட்டை ஒழித்து வை.

அண்ணன்,
சாம்பசிவம்


வெள்ளைப்பாறைத் தோட்டம்
5.8.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

மருந்து கொடுத்த அன்று லயமே திருவிழாவாக இருந்தது. கந்தன் மாத்திரைப் பொட்டலத்தோடு நேரே நம் வீட்டுக்கு வந்து என் காலில் விழப் போனான். "அட எழுந்திருடா, நான் என்ன மாரியாத்தாவா" என்று அதட்டினேன். எல்லாரும் உங்களை வாழ்த்துகிறார்கள்.

அண்ணே, ஒரு பெயர் விட்டுப்போச்சு. வலிப்பு. எப்படியாவது சேர்க்க முடியுமா? யார் என்று இப்போது கேட்காதீர்கள். இத்தனை நாள் சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிக்கொண்டிருந்த ஆள். இப்போது சீட்டும் இல்லை, சீட்டில்லாமல் கடைக்காரன் கொடுக்கவும் மாட்டேன் என்கிறான். உடனே பதில் போடுங்கள்.

தங்கை,
பாஞ்சாலை


கிள்ளான்
13.8.1979

அன்புத் தங்கைக்கு,

பெயர் சொல்லாத ஆளுக்கு நான் எப்படிப் பேசுவது? சொன்னாலும் டிரஸர் சர்டிபிகேட் வேண்டும், அதை வைத்துத் துரை மனசு வைக்க வேண்டும். அவர் மாட்டார். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். பொது ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டச் சொல். அந்த ஆளிடம் இதையும் சொல், அப்போதே கூச்சப்படாமல் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒளித்து வைத்துவிட்டு இப்போது அழுதால் சங்கம் என்ன செய்யும்?

பரிசத்துக்குச் சரோஜா தட்டு வாங்கிவிட்டாள்.

அண்ணன்,
சாம்பசிவம்


வெள்ளைப்பாறைத் தோட்டம்
30.8.1979

அண்ணே,

அந்தக் கூச்சக்காரி நான்தான். விட்டுப்போன பெயர் ஜெயா.

மூன்று வருஷத்துக்கு முன்பு கியா பார்மில் பூ வெட்டப் போன இடத்தில் அவளுக்கு முதலில் வந்தது. கூட இருந்தது அம்மாக்கண்ணு அக்கா மட்டும். கையில் சாவிக்கொத்தைத் திணித்து, வாயைத் துடைத்து, முந்தானையால் மூடிக் கூட்டிவந்தாள். இன்றுவரை ஒரு ஈ காக்கையிடம் மூச்சு விட்டதில்லை. கந்தன் சீட்டைக் காட்டியே இரண்டு பேருக்கும் வாங்கினோம். பொது ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தான். பெஞ்சில் நம் லயத்து ஆள் நாலு பேர் எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள், மறுநாளே கிள்ளானுக்குச் சேதி வந்துவிடும். அந்தப் பட்டியலை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்துதானே எழுதினேன். மகள் பெயரை எழுதினால் உங்கள் வீட்டு மருமகள் இல்லை என்று ஆகிவிடும். எழுதவில்லை. ஊருக்கெல்லாம் வெட்கத்தை விடச் சொன்ன வாய் இது.

சீட்டு போனதும் ஜெயாவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு தடவை வந்தது. அக்காதான் பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் எண்ணினாள். "ரெண்டு பிள்ளைக்கும் பாதிப் பாதிடி. மூணு வருஷம் ஓட்டிரலாம்" என்றாள். கந்தனும், "ஜெயாவுக்குக் கல்யாணம் முடியட்டும் அத்தை, எனக்குப் பழகிப்போச்சு" என்றான். வேண்டாம் என்று நான் சொன்னேனா? சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை செடிக்கு மருந்தடிக்கத் தண்ணீர் மொள்ள ஓடைக்குப் போனான். குப்புற விழுந்து கிடந்தான். கணுக்கால் அளவு தண்ணீர் அண்ணே. தூக்கிக்கொண்டு லோரியில் ஏற்றும்போதே போய்விட்டான். மருந்து கொடுத்தும் சாப்பிடாமல் செத்தான் என்று டிரஸர் எழுதிவைத்திருக்கிறார். அவர் எழுதியதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அக்காவும் சொல்லவில்லை.

இதையெல்லாம் அண்ணியிடம் சொல்லிவிடுங்கள். பரிசத்துக்கு வருவதும் வராததும் உங்கள் இஷ்டம், வராவிட்டால் நான் கோபப்பட மாட்டேன். மறைத்தவளுக்கு என்ன கோபம். கந்தன் இடத்தில் ஜெயா பெயரை எழுத முடியுமா என்று உங்களைக் கேட்கலாமா என்று மூன்று நாளாக இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

இன்று எட்டாம் நாள். விடிந்ததும் அக்கா வந்தாள். அழவில்லை, உட்காரவும் இல்லை. கந்தன் சாப்பிட்டது போக மிச்சம் இருந்த மாத்திரையைக் கொண்டுவந்து, "இனி முழுசாவே குடு, பாதியாக்காதே" என்று நீட்டினாள். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன் அண்ணே.

பாஞ்சாலை