பதினாறு கைநாட்டும் ஒரு பலாப்பலகையும்

திருப்புலி நாடு, கொல்லிமலை
வெகுதானிய வருடம், கார்த்திகை 12

சென்னப்பட்டணத்து அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் என் மகன் அர்த்தனாரிக்கு, உன் அப்பன் கண்மூடிய நாள் முதல் உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவனும், கொல்லிமலை நாடுகள் அத்தனைக்கும் முடிசூடாத சக்கரவர்த்தியுமான சித்தப்பன் அப்பாசாமி ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் சின்னம்மா பெருமாயியும் உடம்பளவில் சௌக்கியம், நீயும் அப்படியே இருக்க அறப்பளீசுவரன் காக்கட்டும். உடம்பைத் தவிர இங்கே வேறெதுவும் சௌக்கியமாக இல்லை கண்ணு, சக்கரவர்த்தி ஊரைக் கெடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஆவணியில் காட்டிலாகாக்காரர்கள் வந்து, சர்க்கார் காட்டுக்கு எல்லைக்கல் நடப்போகிறோம், உங்கள் நிலம் ஓடைக்கு எந்தப் பக்கம் என்று படம் போட்டுக் கைநாட்டு வைத்துக் கொடுங்கள், ஆபீசுக்கு ஒன்று ரேஞ்சருக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பதினெட்டுப் படத்தை யார் வரைவது என்று ஊரே விழித்தபோது உன் சித்தப்பன் நான் எழுந்து நின்றேன். நாம் இலையில் கரி தடவித் தாளில் ஒற்றி விளையாடியது உனக்குத் தெரியும், அதையே பெரிதாகச் செய்தேன். பலாப்பலகை ஒன்றை இழைத்து, ஓடைக்கரை மேட்டில் நின்று மலையைப் பார்த்தபடியே பதினோரு நாள் செதுக்கினேன். மேலே பாறை, நடுவில் ஓடை, ஓடைக்குக் கிழக்கே நம் பதினாறு வீட்டுத் தினைக்காடு, மேற்கே சர்க்காரின் மூங்கில். விளக்குக்கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்துப் பூசித் தாளை வைத்துத் துணிப்பந்தால் தேய்த்து எடுத்தேன், சுற்றிலும் நிஜமான கடுக்காய் இலையையும் மிளகுக்கொடியையும் ஒற்றினேன். அந்த அழகை என்ன சொல்ல, குருவி வந்து தாளிலிருந்த தினையைக் கொத்திக் கொத்தி அலகு தேய்ந்து போனது. பதினாறு பேரும் அதே மையைத் தொட்டு ஆபீஸ் படத்தின் அடியில் கைநாட்டு வைத்தார்கள்.

நீ இந்நேரம் தலையில் கை வைத்திருப்பாய். பலகையில் வலது பக்கம் இருப்பது தாளில் இடது பக்கம் விழும் என்பது அச்சுக்கூடத்தில் நாள் முழுதும் நிற்கும் உனக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்காவது தெரிந்திருக்கலாம், ஆனால் இந்த மலையில் யார் இடது வலது சொல்லி வழி காட்டினார்கள், மேலே போ கீழே இறங்கு என்பதுதானே நம் பேச்சு. மேலிருந்த பாறை தாளிலும் மேலேயே இருந்தது, கீழிருந்தது கீழே இருந்தது, எல்லாம் சரி என்று எல்லோரும் தலையாட்டிவிட்டோம்.

போன வாரம் கல் நட வந்தவர்கள் ஓடைக்குக் கிழக்கே முழுவதும் சர்க்கார் காடு, உங்களுடையது மேற்கே என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்றார்கள். மேற்கே மூங்கில் முள்ளும் பாறையும், ஒரு பிடி சாமை விதைக்க மண் கிடையாது. கதிர் முற்றிச் சாய்ந்து நிற்கிறது, அறுக்கக் கூடாது என்று காவல் போட்டிருக்கிறார்கள். பலகையைத் தலையில் சுமந்து கீழே ஆபீசுக்கு இறங்கினேன். இத பாருங்க சாமி, பலகையில கெழக்கயேதானுங்க இருக்குது என்று காட்டினேன். அந்த அதிகாரி கோபப்படக்கூட இல்லை, பலகையை இன்றைக்கும் செதுக்கலாம், கைநாட்டு காகிதத்தில்தான் இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கார்த்திகை 29-ல் கடைசியாக ஒருமுறை கேட்பாராம், அச்சுத் தொழில் தெரிந்தவன் யாராவது வந்து சொன்னால் பார்க்கலாம் என்றார். எனக்குத் தெரிந்து அப்படி ஒருவன் நீதான்.

ஊரில் ஒருவரும் என்னை ஏசவில்லை, ஏசினால் பதிலுக்கு நாலு பொய்யாவது அளந்து சமாளித்திருப்பேன். சின்னராசு மட்டும், ஏனுங் சக்கரவர்த்தி, மூங்கில் குருத்துல கஞ்சி காச்சலாங்களா என்று கேட்டான். நேற்று மேலூட்டுக் கண்ணாயி ஒரு வெள்ளைத் தாளோடு வந்தாள், புருசன் இல்லாமல் இரண்டு பெண்பிள்ளைகளை வைத்திருப்பவள். என்ற தினைக்காட்ட மட்டும் இதுல ஒண்ணு ஒத்திக் குடுங்க, வச்சுப் பாத்துக்கறனுங்க என்றாள். தாளை வாங்கி வைத்துக்கொண்டேன், மை குழைக்கக் கை வரவில்லை.

முதலாளி காலில் விழுந்தாவது ஒரு வாரம் லீவு வாங்கு. கட்டையில் வெட்டியதும் தாளில் விழுவதும் எப்படி மாறும் என்று அச்சுக்கூட முத்திரையோடு அவரிடம் ஒரு கடிதமும் வாங்கு, சின்ன மரக்கட்டை ஒன்றும் மையும் எடுத்துக்கொள், அதிகாரி கண்ணெதிரே ஒற்றிக் காட்ட வேண்டும். திருச்சியில் இறங்கித் துறையூர் பஸ் பிடித்துப் புளியஞ்சோலைக்கு வந்துவிடு, 27-ம் தேதி விடியற்காலை முதல் அங்கே நிற்பேன். வழியில் கண்ட தண்ணீரைக் குடிக்காதே. நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு சாமி, சின்னம்மாவும் அதையே சொல்கிறாள், என்னிடம் பேசுவதில்லை, அடுப்பைப் பார்த்துச் சொல்கிறாள். தேதியை மறக்காதே, 29.

கண்ணாயியின் தாள் வெள்ளையாகவே இருக்கிறது. அதில் ஒற்றிக் கொடுத்துவிட்டால் நிலம் போய்விட்டது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். நீ வரும் வரைக்கும் ஒற்ற மாட்டேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பன்
அப்பாசாமி